பேனா பட்ட புத்தகங்கள்

ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை. காது மட்டும் பழையபடிதான். அதற்கு இனி வைத்தியமும் இல்லை. உங்கள் இருமல் விட்டதா? பாப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

லாரி பார்சலில் மூன்று மரப்பெட்டிகளை உங்கள் பெயருக்குப் போட்டிருக்கிறேன். ரசீது இத்துடன் இருக்கிறது. எல்லாம் பாப்பாவின் அண்ணி சேர்த்து வைத்த வார இதழ்கள். முப்பது வருஷத்துச் சேகரம். வருஷ வாரியாக அவளே கட்டி வைத்தாள். நான் ஒரு கட்டையும் பிரிக்கவில்லை. வீட்டில் இடம் தேவைப்படுகிறது. எடைக்குப் போட மனம் வரவில்லை. பழைய புத்தகக் கடை வைத்திருக்கிற தங்கை புருஷன் இருக்கும்போது அதை எடைக்குப் போட்டால் உங்களுக்கும் மரியாதை இல்லை. விற்றுவிடுங்கள். வருகிறதைக் கடைக்கே வைத்துக்கொள்ளுங்கள். எது யாரிடம் போயிற்று என்று எனக்கு எழுத வேண்டாம்.

அவள் கண்ணை மூடி ஆறு மாதம் ஆகப்போகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


ஜனவரி 20

மச்சானுக்கு வணக்கம்.

இருமல் போய்விட்டது, போகும்போது குரலில் பாதியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நான் கோபமாக இருப்பதாக நினைத்து, பேரம் பேசுகிறவர்கள் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பாப்பாவின் முட்டி மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. கல்யாண வீட்டுக்குக் கிளம்பினால் வலிப்பதில்லை. மற்றபடி இருவரும் நலம்.

பெட்டிகள் வந்து சேர்ந்தன. என் கடை உங்களுக்குத் தெரியும். கோர்ட்டுக்குப் பின்சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிற முக்கோணம். மூன்று பெட்டியையும் உள்ளே வைத்தபின் முதலாளி வெளியே உட்கார வேண்டியதாயிற்று.

கட்டுகளைப் பிரித்தேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி வைத்திருந்த வீட்டைப் பார்த்ததில்லை மச்சான். உங்கள் மில் துணியின் கரையைக் கிழித்து நாடாவாக்கிக் கட்டியிருக்கிறார்கள் அக்கா. பூச்சி அரிக்கவில்லை, அட்டை கழலவில்லை. பொதுவாக வீட்டிலிருந்து வருகிற இதழ்களில் தொடர்கதையைக் கத்தரித்து எடுத்திருப்பார்கள். மீதி எலும்புக்கூடுதான் எங்கள் கைக்கு வரும். அக்கா ஒரு பக்கத்தில்கூடக் கத்தரி வைக்கவில்லை. நல்ல விலைக்குப் போகும் என்று மனசுக்குள் கோட்டை கட்டிவிட்டேன்.

பிறகு உள்ளே புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பேனா. நீல மை, பொடி எழுத்து. எங்கள் தொழிலில் பேனா பட்ட புத்தகம் எச்சில் பட்ட பலகாரம் மாதிரி. சேகரிப்பவர்கள் தொட மாட்டார்கள். சரி, படிக்கிறவர்களுக்காவது ஆகட்டும் என்று தனிக்குவியலாக வாசலில் போட்டேன். போடும்போது ஒன்றிரண்டைப் படித்தும் பார்த்தேன்.

ஒரு தொடர்கதையில் வக்கீல் ஒருவன் வருகிறான். பக்கத்தில் அக்கா எழுதியிருக்கிறார்கள்: ‘இவன் சிரிக்கிற சிரிப்பே சரியில்ல. அந்தப் பொண்ணுகிட்ட யாராவது சொல்லுங்களேன்.’ கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே: ‘நாலு பாட்டில் தீர்த்தாச்சு. பாட்டில்தான் மிச்சம்.’ ராசிபலனில் நீண்ட பயணம் உண்டு என்று போட்டிருக்கிறது. அதன் பக்கத்தில்: ‘எங்க, குழாயடி வரைக்குமா?’

நான் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா மச்சான்?

அன்புடன்,
மாப்பிள்ளை

(அண்ணா, பாப்பா எழுதுகிறேன். ஒத்தை ஆள் இருக்கிற வீட்டில் எதுக்கு இடம் தேவைப்படுகிறது?)


பிப்ரவரி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சௌக்கியம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் எழுதியது எனக்குத் தெரியாது. அவள் வீட்டுக் கணக்கைத் தவிர வேறு எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. அவள் வாயில்லாப் பூச்சி என்பது உங்களுக்கும் தெரியும். இதழ்களை அக்கம்பக்கத்தில் இரவல் கொடுப்பாள். வாங்கிப் போனவர்கள் யாராவது கிறுக்கியிருப்பார்கள். எப்படியானாலும் விற்றுவிடுங்கள்.

இன்னொரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அதில் இதழ்கள் இல்லை. அவள் பாத்திரங்களும் சுவர்க் கடிகாரமும். பாப்பா வைத்துக்கொள்ளட்டும். கடிகாரம் நிமிஷம் தவறாமல் ஓடும்.

அன்புடன்,
மச்சான்


பிப்ரவரி 17

மச்சானுக்கு,

இங்கே சுகம். பாத்திரப் பெட்டி வந்தது. பாப்பா அதைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு, “எல்லாத்தையும் இங்க அனுப்பிட்டு அண்ணன் எதுல சமைக்குது?” என்று கேட்டாள். உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னாள்.

இரவல் வாங்கியவர்கள் கிறுக்கியது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ‘ழ’வின் வாலை இரண்டு சுற்றுச் சுற்றி விடுவது நம் குடும்பத்தில் ஒரே ஆள்தான் என்று பாப்பா அடித்துச் சொல்கிறாள்.

விற்றதைச் சொல்ல வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அடுத்த தெருவில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். கதைப் புத்தகம் என்றால் உயிர். வாசலில் கிடந்த குவியலிலிருந்து ஐந்தாறு இதழ்களை எடுத்துப் போனார். இரண்டு நாளில் திரும்பி வந்தார்.

“அண்ணே, அந்தக்கா எழுதினது இன்னும் இருக்கா?”

“எந்தக்கா?”

“ஓரத்துல எழுதியிருக்காங்களே, அவங்கதான். கதை சுமாருதான். ஆனா அவங்களோட சேர்ந்து படிச்சா நல்லா இருக்கு.”

மறுநாள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். குறுக்கெழுத்துப் போட்டிக்காகப் பழைய இதழ்களை வாங்குகிறவர். “எல்லாத்தையும் முன்கூட்டியே போட்டு வச்சிருக்காங்க. இதுல எனக்கு என்ன வேலை?” என்று சண்டைக்கு வந்தார். சண்டை போட்டுவிட்டு இன்னும் ஒரு கட்டு வாங்கிப் போனார். விடை சரியா என்று பார்ப்பதும் ஒரு சுகம்தானாம். இதுவரை ஒன்றே ஒன்றுதான் தப்பாம்.

எச்சில் பலகாரம் என்று நான் ஒதுக்கியதைத் தேடி வருகிறார்கள் மச்சான். இப்போது ‘பேனா பட்டது’ என்று அட்டையில் எழுதித் தனித்தட்டில் வைத்திருக்கிறேன்.

டாக்டர் ஒருவர் கதை வருகிறது. கூட வேலை செய்கிற நர்ஸ் மேல் அவருக்குப் பிரியம். அதைச் சொல்லாமல் வாரக்கணக்கில் இழுக்கிறார். அக்கா ஐந்தாவது வாரம் எழுதியிருக்கிறார்கள்: ‘சொல்லித் தொலையேன்.’ பத்தாவது வாரம்: ‘இன்னுமா?’ அதற்கப்புறம் ஒரு வாரம்: ‘நானே வந்து சொல்லிடுவேன் போல இருக்கு.’

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 25

மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காய்ச்சல் வந்தது, இப்போது இல்லை. பாப்பா பயப்பட வேண்டாம். பக்கத்துக் கடையிலிருந்து சாப்பாடு வருகிறது. அதனால் பாத்திரம் தேவைப்படவில்லை.

அவள் எழுதியதை இனிமேல் எடுத்து எழுதி அனுப்ப வேண்டாம்.

மச்சான்

அந்த டாக்டர் கடைசியில் சொன்னானா? அதற்கு அவள் என்ன எழுதியிருக்கிறாள்? அதை மட்டும் எழுதுங்கள்.


ஏப்ரல் 2

மச்சானுக்கு,

காய்ச்சல் முழுதும் விட்டதா? கஷாயம் குடிக்கச் சொல்கிறாள் உங்கள் தங்கை. குடித்தேன் என்று எழுதினால் நம்ப மாட்டாளாம். கசந்தது என்று எழுதினால் நம்புவாளாம்.

டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பத்தோராவது வாரம், கடைசிப் பக்கம், கடைசிப் பத்தி. அக்கா எழுதியிருப்பது: ‘ஒருவழியா சொல்லிட்டான். அதுக்குள்ள அவளுக்குத் தலை நரைச்சிருக்கும். பரவாயில்ல. நரைச்சாலும் காது கேட்கும்ல.’

நீங்கள் கேட்டதால்தான் எழுதினேன். வேறு எதையும் எழுதவில்லை.

ஒன்றே ஒன்று. நேற்று தையல்கார அம்மா வந்திருந்தார். காசை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். “அண்ணே, இவங்களுக்கு வீட்டுல பேச ஆளே இல்லையா?” என்று கேட்டார். நான் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கஷாயம் கசந்தது. நலமாக இருக்கிறேன். உங்கள் இருவர் நலத்தையும் எழுதுங்கள்.

அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று நினைவில்லை என்றீர்கள். நான் சொல்கிறேன், அவரிடம் சொல்லுங்கள். ஆள் இருந்தான். அவனுக்குக் காது இல்லை.

மில்லில் நான் தறி மெக்கானிக். இருநூறு தறி ஒரே கொட்டகையில் ஓடும். பழுதான தறியின் மேல் கையை வைத்து அதிர்வைப் பார்த்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை. காது போய்க்கொண்டிருப்பதை அந்தப் பெருமையில் கவனிக்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் பாதி போய்விட்டது. மீதி ஐம்பதுக்குள்.

முதலில் அவள் நிறையப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். இப்போது யோசித்தால் தெரிகிறது. சாப்பாடு போடும்போது ஏதாவது சொல்வாள். “என்ன?” என்பேன். மறுபடி சொல்வாள். “என்ன?” என்பேன். மூன்றாம் தடவை “ஒண்ணுமில்ல” என்பாள். உதடு அசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியபோது நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் அதுதான். அந்த ஒரு சொல்லை நான் ஒருநாளும் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை.

கத்திச் சொல்லலாம். ஆனால் கத்திச் சொல்கிற விஷயமா அதெல்லாம்? ராசிபலனைப் பார்த்து அடித்த கேலியை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறபடி மூன்று தரம் கத்தினால் அதில் என்ன சிரிப்பு மிச்சமிருக்கும்? அதனால் விட்டுவிட்டாள். நான் அவளை வாயில்லாப் பூச்சி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவள் சிரிப்பாள்.

நான் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். விற்காமல் இருப்பதை அனுப்பிவையுங்கள். விற்றதையும் திரும்ப வாங்க முடியுமா என்று பாருங்கள். என்ன கேட்டாலும் கொடுத்துவிடலாம். தறி மெக்கானிக்கின் பென்ஷன் அதற்குப் போதும். எதையும் கட்டாயப்படுத்தி வாங்க வேண்டாம்.

மே மாதக் கடைசிக்குள் அனுப்பினால் நல்லது. அதன்பிறகு விலாசம் மாறலாம்.

அன்புடன்,
மச்சான்


ஏப்ரல் 22

அண்ணா,

நான்தான், பாப்பா. இங்கே எல்லாரும் நலம். அதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை.

விலாசம் மாறலாம் என்றால் என்ன அர்த்தம்? இதழ்களை அனுப்பினாய், பாத்திரத்தை அனுப்பினாய், கடிகாரத்தை அனுப்பினாய். மணி பார்க்காத வீடு எந்த வீடு? நான் உன் பக்கத்து வீட்டு டீச்சருக்கு எழுதிக் கேட்டேன். ஜூன் மாதத்திலிருந்து முதியோர் இல்லத்தில் உனக்கு ஒரு கட்டில் ஏற்பாடாகியிருக்கிறது என்று பதில் போட்டிருக்கிறார். வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டாயாம். கூடப் பிறந்தவள் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்பது அங்கே யாருக்காவது தெரியுமா?

அங்கே போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. சொல்லாமல் போவதைத்தான் சொல்கிறேன்.

அண்ணியை வாயில்லாப் பூச்சி என்று எழுதியிருந்தாயாமே. அண்ணிக்கு வாய் இருந்தது. உனக்குத்தான் காதில்லை. என் கல்யாணப் பேச்சு நடந்தது நினைவிருக்கிறதா? பழைய பேப்பர்காரனுக்குப் பெண் கொடுப்பதா என்று அம்மா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம். அண்ணிதான் கூடத்தில் வந்து நின்றார்கள். “அந்த வீட்டுல வேற எது இல்லாட்டியும் படிக்கப் புத்தகம் இருக்கும். இவளுக்கு அது போதும். இவங்க அண்ணன் சரின்னா சரி” என்று சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தார்கள். நீ தலையை ஆட்டினாய். கல்யாணம் முடிவாயிற்று.

கேட்டுத்தான் ஆட்டினாய் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு சந்தேகமாக இருக்கிறது. கேட்டோ கேட்காமலோ, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குக் கொடுத்த வாழ்க்கை இது. இவர் கடையில் என்ன வருகிறதோ வரட்டும், நான் குறையில்லாமல் இருக்கிறேன். அண்ணியிடம் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது, உனக்கு மட்டுமில்லை.

இவர் இரண்டு நாளாகக் கடையைச் சாத்திவிட்டு விற்ற இதழ்களைத் தேடி அலைகிறார். வெயிலில் கறுத்துப்போய் வருகிறார்.

பதில் போடு. போடாவிட்டால் முட்டிவலியோடு பஸ் ஏறி வருவேன்.

பாப்பா


மே 8

மச்சானுக்கு,

நலம். பாப்பா எழுதிய கடிதத்தைப் போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னாள். நான் அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை. மாடியறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

விற்ற இதழ்களில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. தபால்காரரிடம்தான் முதலில் போனேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்க் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். “உரியவர் கையில சேர்க்கிறதுதானே நம்ம வேலை” என்றார். கொடுத்த காசைத் தொடவில்லை. கோர்ட் குமாஸ்தா ஒருவர் தன் மனைவியிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தார். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இனி அந்தப் பக்கம் போக முடியாது. யாரும் காசு வாங்கவில்லை மச்சான். இத்தனை வருஷமாக இவர்களிடம் பேரம் பேசிப் பேசி, மனுஷர்களை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

தையல்கார அம்மா மட்டும் தர மாட்டேன் என்றுவிட்டார். தைத்துக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்தினார்.

“மாட்டேன் அண்ணே. கோவிச்சுக்காதீங்க.”

“அந்தக்காவோட வீட்டுக்காரர் கேட்கிறாரும்மா.”

“இத்தனை நாள் அவர் வீட்டுலதானே இருந்துச்சு. அப்பப் பிரிச்சுப் பார்த்தாரா?”

பிறகு அவரே ஒரு இதழை எடுத்துக் காட்டினார். அக்காவின் நீல எழுத்துக்குக் கீழே, துணியில் குறி போடுகிற சிவப்புப் பென்சிலால் பதில் எழுதியிருந்தார். அக்கா ஏதாவது கேட்டிருந்தால் இவர் பதில் சொல்லியிருக்கிறார். அக்கா யாரையாவது திட்டியிருந்தால் இவரும் சேர்ந்து திட்டியிருக்கிறார். “நாள் பூரா மெஷின் சத்தம். ராத்திரி வீட்டுக்குப் போனா நான் மட்டும்தான். இவங்க வந்ததுக்கப்புறம் ரெண்டு பேர் மாதிரி இருக்கு” என்றார்.

நீங்கள் தறி மெக்கானிக் என்றும், காது போன கதையையும், அவருக்குச் சொல்லச் சொன்ன பதிலையும் சொன்னேன். மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஐந்தாறு நாள் கழித்து அவரே கடைக்கு வந்தார். எல்லா இதழ்களும் துணிப்பையில் இருந்தன. ஒன்றை மட்டும் மேலே தனியாக வைத்திருந்தார். “இதை அவர் முதல்ல படிக்கட்டும். ஆனா எல்லாத்தையும் படிச்சுட்டுத் திருப்பிக் குடுக்கணும். இது இரவல்” என்றார்.

அந்த இதழில் அக்கா எழுதியிருப்பதை நானும் படித்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கு எழுதியதை நான் எடுத்துச் சொல்வது முறையில்லை. இடையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்.

மூன்று பெட்டிகளும் இன்று லாரியில் ஏறுகின்றன. நாலைந்து இதழ்கள் மட்டும் போன இடம் தெரியவில்லை. மன்னிக்க வேண்டும்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஜூன் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் பாப்பாவுக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். உண்மையாகவே. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

பாப்பா போட்ட மூன்று கார்டுகளும் வந்தன. படித்துக்கொண்டிருந்ததால் பதில் போடவில்லை. வருஷ வாரியாக, முதல் கட்டிலிருந்து அவள் பேனா பட்ட பக்கங்களைப் படித்தேன். கதை படித்துப் பழக்கமில்லாதவன். முதல் வாரம் மெதுவாகத்தான் போயிற்று. இப்போது யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று எனக்கே தெரிந்துவிடுகிறது. அந்த வக்கீல் விஷயத்தில் அவள் சொன்னதுதான் சரி. தைல பாட்டிலில் நாலாவது நான் வாங்கிக் கொடுத்தது.

மாப்பிள்ளை சீட்டு வைத்த இதழைத்தான் முதலில் எடுத்தேன். ஆனால் திறக்கவில்லை. கடைசியில் படிக்கலாம் என்று தள்ளி வைத்தேன். நேற்று படித்தேன். உங்களுக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

சிறுகதை ஒன்று. பேசாத புருஷன் ஒருவன் வருகிறான். பெண்டாட்டி அவனை விட்டுப் போவதோடு கதை முடிகிறது. அதன் கீழே இருக்கிற காலியிடத்தில் அவள் எழுதியிருக்கிறாள்:

‘எங்க வீட்டுலயும் பேச்சு கிடையாது. ஆனா ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ, மில் கேட்டுல நின்னு இந்தப் புத்தகத்தை வாங்கிட்டு வருவார். ஒரு வாரம் விட்டதில்ல. ஸ்ட்ரைக் நடந்தப்பகூட விடல. அவர் ஒரு வரி படிக்க மாட்டார். மேஜைமேல வச்சுட்டுப் போய்ப் படுத்துக்குவார். எனக்காகத்தான்னு எனக்குத் தெரியும். ஒருநாளாவது சொல்லணும், இது வந்தாத்தான் எனக்கு வாரம் பொறக்குதுன்னு. சொன்னா “என்ன?”ன்னு கேட்பார். இங்கேயே சொல்லி வைக்கிறேன். ரொம்ப சந்தோஷம்.’

அதன் கீழே சிவப்புப் பென்சிலில்: ‘போயிருக்க மாட்டாருக்கா. எங்கயாவது உயிரோட இருப்பாரு. நான் கண்டுபிடிச்சுச் சொல்லிடுறேன்.’

இதை எழுதும்போது அந்த அம்மாவுக்கு நான் யாரென்று தெரியாது. சொன்னபடி செய்துவிட்டார்.

மில் கேட்டில் இதழ் விற்கிறவன் என்னைக் கண்டதும் கேட்காமலே எடுத்து நீட்டுவான். நானும் பேசாமல் வாங்கிக்கொள்வேன். அவளிடம் கொடுக்கும்போது என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனேன். அவள் எடுத்துப் பார்க்கிறாளா என்றுகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அடுத்த வாரமும் வாங்கினேன், அவ்வளவுதான்.

படித்து முடிக்கிற வரை தவணை கேட்டுத் தள்ளிப்போட்டிருந்த முதியோர் இல்லத்துக்கு இன்று காலை போய், இப்போதைக்கு வரவில்லை என்று சொன்னேன். நல்ல மனிதர்கள், கட்டில் வேறொருவருக்கு உடனே தேவைப்படுகிறது என்றார்கள். வீட்டுக்காரரிடமும் போய்க் காலி செய்யவில்லை என்றேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அது சௌகரியமாகப் போயிற்று.

பாப்பா, உன் கல்யாணப் பேச்சில் நான் தலையை ஆட்டியபோது, பாதி போயிருந்த காதுக்கு அந்தக் கூடத்துச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. உன் அண்ணி என்னைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்து ஆட்டினேன். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. அந்தமட்டில் நான் முழுச் செவிடன் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். மாடியறையில் ஒரு மாதம் இருக்கிறேன்; மற்றதை அப்புறம் பார்க்கலாம். மூன்று பெட்டிகளையும் லாரியில் போட்டுவிட்டேன். அவை வீட்டுக்கு வேண்டாம், கடைக்கே போகட்டும். விற்க வேண்டாம், வேண்டியவர்கள் எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தரட்டும். தபால்காரரிடம், அந்தக் குமாஸ்தாவின் மனைவியிடம், எல்லாரிடமும் நானே போய் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் திருப்பிச் சொல்வது எனக்குக் கேட்காது. நீங்கள் பக்கத்தில் நின்று எழுதிக் காட்டுங்கள்.

அந்த ஒரு இதழை மட்டும் பெட்டியில் போடவில்லை. கையில் கொண்டுவருகிறேன். தையல்கார அம்மாவிடம் நானே கொடுப்பேன். சிவப்புப் பென்சிலுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. நேற்று நெடுநேரம் யோசித்து, ஒரே ஒரு சொல் எழுதினேன்.

‘கேட்டது.’

இருவருக்கும் என் ஆசியும் அன்பும்.

மச்சான்